சைக்கிள் போக வேண்டியது சாலையிலா, நடைபாதையிலா?

சாலையில் போனால் பின்னால் வரும் வண்டிக்காரர் ‘ஓரமாப் போ’ என்று ஹாரன் அடிக்கிறார். ஓரம் போதாமல் பிளாட்பாரத்தில் ஏறினால் எதிரே நடந்து வருபவர் ‘இது என்ன ரோடா?’ என்று கேட்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் சிக்கியவருக்கு எது இடம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சாலைப் பாதுகாப்பு தொடர்பாகக் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நடந்து செல்வோரும் மோட்டார் இல்லாத வண்டிகளும் பொது இடங்களையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கான விதிகளை எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் எழுத வேண்டும் என்பது அதன் முக்கியப் பகுதி. அப்படி எழுதும்போது சைக்கிளை எங்கே வைப்பது? பதில் சொல்ல, சட்டத்தைவிடக் கொஞ்சம் கணக்குதான் அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் சில சொற்கள்

பேச்சில் எல்லாவற்றையும் ‘ரோடு’ என்கிறோம். இங்கே ஐந்து இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வாகனப் பாதை: பேருந்து, கார், டூ வீலர் ஓடும் தார்ப் பரப்பு.
2. நடைபாதை: அதன் ஓரத்தில் கல் கட்டி உயர்த்திய, நடப்பவர்களுக்கான பகுதி.
3. சைக்கிள் தடம்: தடுப்பாலோ உயரத்தாலோ மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கப்பட்டது.
4. சைக்கிள் கோடு: வாகனப் பாதையிலேயே பெயின்ட் அடித்து ஒதுக்கியது. பெயின்ட் வண்டியைத் தடுக்காது. அதனால் இரண்டு நாளில் அது பார்க்கிங் ஆகிவிடும்.
5. தார் போட்ட ஓரம்: நெடுஞ்சாலைகளில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் பட்டை. இருவழி நெடுஞ்சாலையில் வழக்கமாக 1.5 மீட்டர்.

மூன்றாவது இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அது இல்லாத தெருக்களில்தான் சண்டை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் ‘மோட்டார் வாகனம்’ அல்ல. எனவே லைசென்ஸ், பதிவு, காப்பீடு, ஹெல்மெட் எதுவும் கட்டாயமில்லை. மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், மோட்டாரின் உதவி 25 கி.மீ. வேகத்தில் நின்றுவிடுவதாகவும் இருந்தால் பெடல் உதவி மின்சைக்கிளும் இதே கணக்கில்தான் வரும்.

நடைபாதையிலும் சைக்கிள் தடத்திலும் மோட்டார் வாகனத்தை ஓட்டக் கூடாது என்று சாலை விதிமுறைகள் நேரடியாகச் சொல்கின்றன. சிக்னலில் பொறுமை இழந்து பிளாட்பாரத்தில் ஏறும் பைக் தெளிவான விதிமீறல். சைக்கிள் ஏறுவதைப் பற்றியோ அதற்கு எவ்வளவு அபராதம் என்பதைப் பற்றியோ மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவழியில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினாலோ சவாரி செய்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 281-ஆம் பிரிவு பொருந்தும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் மோட்டார் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

மாநிலங்கள் விதி எழுத இடம் தருவது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 138(1ஏ) பிரிவு. அதன் வாசகம் இருமுனைக் கத்தி. மோட்டார் இல்லாத வண்டிகளின் ‘செயல்பாட்டையும் நுழைவையும் ஒழுங்குபடுத்துவது’ என்கிறது. ஒழுங்குபடுத்துவது என்றால் இடம் ஒதுக்கித் தருவதாகவும் இருக்கலாம், ‘இங்கே வராதே’ என்பதாகவும் இருக்கலாம். கொல்கத்தாவில் பல முக்கியச் சாலைகளில் காவல்துறை சைக்கிளுக்குத் தடை போட்ட வரலாறு உண்டு. பால்காரரும் பேப்பர் போடுபவரும் சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று.

நடைபாதை ஏன் பத்திரமாகத் தெரிகிறது

சாலையில் போகிறவருக்குப் பயம் முதுகுப் பக்கம். பின்னால் வரும் லாரி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நடைபாதையில் ஏறியதும் அந்தப் பயம் போய்விடுகிறது. ஆபத்து முதுகை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக்கு, அதாவது வீட்டு கேட்டுக்கும் தெருமுனைக்கும், நகர்ந்திருப்பது அப்போது தெரிவதில்லை.

ஒரு வீட்டு கேட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டர், இரு பக்கமும் தலை உயரக் காம்பவுண்ட் சுவர். சுவரை ஒட்டியே 1.8 மீட்டர் நடைபாதை. உள்ளிருந்து ஒரு கார் வெளியே வருகிறது. ஓட்டுபவரின் கண் முன் பம்பருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால் இருக்கிறது. சைக்கிள் நடைபாதையின் நடுவில், சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி வருகிறது.

1. பம்பர் சுவரோடு சமமாக இருக்கும்போது ஓட்டுநருக்குக் கேட்டைத் தாண்டி நடைபாதையில் தெரிவது இடப்பக்கம் 90 செ.மீ.க்கும் குறைவு, வலப்பக்கம் அரை மீட்டர்.
2. பம்பர் நடைபாதையின் நடுவுக்கு வந்து, சைக்கிளின் வழியையே மறித்த பிறகும், தெரிவது இடப்பக்கம் ஒன்றரை மீட்டர், வலப்பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை.
3. பம்பர் நடைபாதையின் விளிம்புக் கல்லுக்கு வரும்போது கண் ஏறக்குறைய சுவர்க் கோட்டுக்கே வந்துவிடுகிறது. வாகனப் பாதையில், கல்லிலிருந்து 1 மீட்டர் தள்ளி வலப்பக்கமிருந்து வரும் சைக்கிளை 15 மீட்டர் தொலைவிலேயே பார்த்துவிடலாம். கார் இன்னும் வாகனப் பாதையில் கால் வைக்கவில்லை.

இனி சைக்கிள் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று பாருங்கள். பார்த்துப் பிரேக் பிடிக்க ஒரு நொடி, காய்ந்த தரை, நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால்:

- 6 கி.மீ. வேகத்தில்: சுமார் 2 மீட்டர்
- 10 கி.மீ.: 4 மீட்டர்
- 15 கி.மீ.: 7 மீட்டர்
- 20 கி.மீ.: 10 மீட்டருக்கு மேல்

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும். கேட்டில் கிடைக்கும் பார்வைக்கு ஈடுகொடுக்கக் கூடியது 6 கி.மீ. வேகம் மட்டும்தான், அதுவும் இழுபறியாக. அது வேகமாக நடப்பவரின் வேகம். அதே கேட்டின் முன்னால் வாகனப் பாதையில் 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு 15 மீட்டர் இருக்கிறது, வேண்டியது 10 சொச்சம். மழை நாளில் இரும்பு ரிம் உள்ள பழைய கறுப்பு சைக்கிளுக்கு இந்தத் தூரங்கள் எதுவும் போதாது. ஈர ரிம்மில் ரப்பர் வழுக்கும், முதல் சில சுற்றுகள் பிரேக் இருப்பதே தெரியாது.

தெருமுனையில் நடப்பது

கேட்டைவிட முச்சந்தி மோசம். இங்கே இரண்டு வகையில் அடிபடுகிறார்கள்.

முதல் வகை: முக்கியச் சாலையில் போகும் கார் இடப்பக்கத் தெருவுக்குத் திரும்புகிறது. ஓட்டுநர் பார்க்கும் இடம் வாகனப் பாதையும் இடப்பக்கக் கண்ணாடியும். நடைபாதையில் வரும் சைக்கிளுக்கும் காருக்கும் நடுவே நிறுத்திய வண்டிகள், மரம், மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், தள்ளுவண்டி. நடைபாதை முடிந்து சைக்கிள் தெருவுக்குள் இறங்கும் நொடியில்தான் அது ஓட்டுநர் கண்ணில் முதல்முறையாகப் படுகிறது. ஓட்டுநருக்கு அது திடீரென்று குதித்த சைக்கிள். சைக்கிள்காரருக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த பயணம். விபத்துக்குப் பின் இருவரும் பொய் சொல்வதில்லை.

இரண்டாவது வகைக்குக் காரணம் எதிர்த்திசை. வாகனப் பாதையில் எதிரே வரத் தயங்குபவரும் நடைபாதையில் இரு திசையிலும் போவார். கிளைத் தெருவிலிருந்து வந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் வண்டிகள் அங்கிருந்துதான் வரும். இடப்பக்கமிருந்து வரும் சைக்கிளை நோக்கி அவர் தலை திரும்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

நடப்பவர் பக்கத்துக் கணக்கு

சாலை அமைப்புக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி நெறி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் அளவு அது. சைக்கிளை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அல்ல. ஹேண்டில் பார் 60 செ.மீ., அசைவையும் சேர்த்தால் ஓடும் சைக்கிள் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்ளும். நடப்பவருக்கு 75 செ.மீ. மிச்சம் 5 செ.மீ. ஒரு பை, ஒரு குடை, கையைப் பிடித்து வரும் குழந்தை எதற்கும் இடமில்லை.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. நடப்பவருக்குப் பாதுகாப்பான வேகத்துக்குச் சைக்கிளைக் குறைத்தால், அந்த வேகத்தில்தான் அது அதிகம் ஆடும். நேராகப் போக ஒன்றரை மடங்கு அகலம் கேட்கும். இறங்கித் தள்ளுவதே மேல் என்ற நிலை பல இடங்களில் வருவது இதனால்தான்.

மோதலின் வலுவையும் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் சாதாரணமாக நடக்கும்போது அவரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 50 ஜூல். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ, 18 கி.மீ. வேகம் என்றால் 1,000 ஜூல். 1,200 கிலோ கார் 50 கி.மீ. வேகத்தில் 1,15,000 ஜூலுக்கு மேல். காருக்கு முன் சைக்கிள் எவ்வளவு அற்பமோ அதைவிடக் குறைந்த விகிதம்தான் என்றாலும், சைக்கிளுக்கு முன் நடப்பவர் இருபதில் ஒரு பங்கு. இடுப்பெலும்பு தேய்ந்த எழுபது வயதுக்காரருக்கு அந்த 1,000 ஜூல் போதும்.

அதற்காகச் சைக்கிள்காரரை வில்லனாக்கத் தேவையில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் நடந்து சென்றவர்கள் 32,825, சைக்கிளில் சென்றவர்கள் 4,836. பெரும்பாலும் இருவரையும் அடித்துப் போடுவது மோட்டார் வண்டி. பிளாட்பாரச் சண்டை, இடமில்லாத இருவர் தங்களுக்குள் போட்டுக்கொள்வது.

மற்ற நாடுகள் போட்டுப் பார்த்தவை

பிரிட்டன் பழமையான விடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் சவாரி செய்வதைத் தடுத்தது. 1888-இல் சைக்கிளும் வண்டிதான் என்று சட்டம் அறிவித்தது. ஜெர்மனி வயதை வைத்து வகுத்தது: 8 வயது முடியும் வரை குழந்தைகள் நடைபாதையிலேயே போக வேண்டும், 10 வயது முடியும் வரை போகலாம், கூட வரும் பெரியவரும் அந்தச் சின்னக் குழந்தையோடு நடைபாதையில் ஓட்டலாம்.

பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஜப்பான். 1970-இல் அங்கே சாலை விபத்தில் 16,765 பேர் இறந்தார்கள், அதுதான் உச்சம். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்திச் சைக்கிளை நடைபாதையில் ஏற்றினார்கள். அவசரத்துக்குச் செய்த தற்காலிக ஏற்பாடு பழக்கமாகிவிட்டது. தாய்மார், பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போவோர் என்று எல்லோரும் நடைபாதைக்கு ஏறிவிட, தனித் தடம் கட்ட வேண்டிய நெருக்கடி அரசுக்கு இல்லாமல் போனது. பிறகு சைக்கிளை மறுபடி கீழே இறக்கப் படாத பாடு. 2008-இல் திருத்தப்பட்ட விதிப்படி அடிப்படை இடம் வாகனப் பாதைதான். 13 வயதுக்குக் கீழ், 70 வயதும் அதற்கு மேலும், உடல் ஊனமுற்றோர், அனுமதிப் பலகை உள்ள இடம், வேறு வழியே இல்லாத நிலைமை ஆகியவை விலக்கு. விலக்கில் போகிறவரும் நடைபாதையின் சாலைப் பக்கமாக, மெதுவாகப் போக வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சல் என்றால் நிற்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்காரர்களுக்கு உடனடி அபராத முறை; நடைபாதையில் ஓட்டியதற்கு 6,000 யென். வெறுமனே ஏறியதற்காக இல்லாமல், நடப்பவரை மிரட்டும்படி ஓட்டினால்தான் சீட்டு என்று காவல்துறை விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் அப்படி.

சிங்கப்பூர் எதிர்முனையிலிருந்து அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் கயிறு இறுகிக்கொண்டே போகிறது: வேக வரம்பு 15 கி.மீ.யிலிருந்து 2019 பிப்ரவரியில் 10 ஆனது. அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர் நடைபாதையிலிருந்து விலக்கப்பட்டது. 2025 ஜூலை முதல், பக்கத்தில் சைக்கிள் தடம் இருக்கும் நடைபாதை நடப்பவருக்கு மட்டும்.

வாகனப் பாதையில் ஓட்டும்போது

‘ஓரமாப் போ’ என்பதைக் கேட்டு நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டு போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஓரத்தில் மணல், ஜல்லி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி எல்லாம் இருக்கும். மூடியின் கம்பிகள் பயணத் திசையிலேயே போட்டிருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். ஒதுங்க இடம் கல்லின் பக்கம் இல்லாததால், பள்ளம் வந்தால் வண்டிகளின் பக்கம்தான் சாய வேண்டும்.

1. கல்லிலிருந்து 75 செ.மீ. முதல் 1 மீட்டர் தள்ளிப் போகவும். பின்னால் வருபவர் சற்று விலகித் தாண்டுவார். உரசிக்கொண்டு போகும் ஆசை குறையும்.
2. நிறுத்திய கார்களிலிருந்து 1 மீட்டர். கதவு திறந்தால் அவ்வளவு நீளும். திறந்த கதவைவிட, அதைத் தவிர்க்க வெட்டி வலப்பக்கம் போய் பஸ்ஸில் மாட்டுவதுதான் உயிரை எடுக்கிறது.
3. நிறுத்திய இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் காலி இடத்தில் நுழைந்து நுழைந்து வெளியே வர வேண்டாம். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சாலைக்கு வருபவராகிவிடுவீர்கள். நேர்கோடு பிடித்துப் போங்கள்.
4. நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடப்பக்கம் தாண்டவே கூடாது. ஆட்கள் இறங்கும் பக்கம் அது.
5. சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் நிற்க வேண்டாம். அதன் முன் மூலையில் கீழே நிற்பவர் ஓட்டுநருக்குத் தெரியமாட்டார். முன்னால் நன்றாகத் தள்ளி நில்லுங்கள், அல்லது பின்னால் நில்லுங்கள்.
6. இருட்டில் பின்பக்கம் சிவப்பு விளக்கு. மட்கார்டில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது. டைனமோ நின்றால் முன் விளக்கும் அணைந்துவிடும் என்பதை நினைவில் வைக்கவும்.

எந்தத் தெருவில் எது

வண்டிகள் 30 கி.மீ.க்குள் ஓடும் குடியிருப்புத் தெருவில் எல்லோரும் வாகனப் பாதையில் கலந்து போகலாம். அங்கே சைக்கிளுக்குத் தனி இடமே வேண்டாம். வேகம் 30-லிருந்து 60 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அப்படிப்பட்ட சாலையில் பெயின்ட் கோடு போட்டுவிட்டுச் சைக்கிள்காரரை அனுப்புவது கைகழுவுவது. தடுப்போடு கூடிய தடம் வேண்டும்: ஒருவழிக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. அதன்படி போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும். நடைபாதைக்குக் கொஞ்சம் வந்தது. சைக்கிள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

தடம் வரும் வரை, மாநில விதியில் இடம்பெற வேண்டியது இவ்வளவுதான் என்பது நமது கருத்து: பெரியவர் வாகனப் பாதையில்; 10 வயது வரையுள்ள குழந்தையும் கூட வரும் ஒருவரும் நடைபாதையில், நடை வேகத்தில்; வண்டிகள் 50 கி.மீ.க்கு மேல் ஓடும், தடமில்லாத சாலையில் யார் வேண்டுமானாலும் நடைபாதையில் நடை வேகத்தில் போகலாம், கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அப்படிப் போகும்போது பின்னாலிருந்து பெல் அடிப்பது சரியான முறை அல்ல. பெல் கேட்டால் சிலர் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், சிலர் வலப்பக்கம், சிலர் நின்று திரும்புவார்கள். வேகத்தைக் குறைத்து ‘அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க’ என்றால் போதும்.

அடிபட்டால்

மோட்டார் வண்டி சைக்கிளை இடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எதிர்த்திசையில் வந்தார், திடீரென்று இறங்கினார் என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடி, பங்குத் தவறு என்று தொகையைக் குறைக்கப் பார்க்கும். இடித்தவர் ஓடிவிட்டால் 161-ஆம் பிரிவில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். நடைபாதையில் சைக்கிள் ஒருவரை இடித்தால் இந்தக் கதவு எதுவும் திறக்காது: மோட்டார் இல்லை, காப்பீடும் இல்லை. அடிபட்டவர் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். தர வேண்டியவர் சொந்தக் கையிலிருந்து தர வேண்டும்.

ஊருக்கு வெளியே

அரசின் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கேள்வியே எழாது. அவர்கள் போகும் நெடுஞ்சாலையில் நடைபாதை கிடையாது. தார் போட்ட ஓரம்தான் அவர்களுடைய தடம். அது நன்றாகவே பயன்படும், சிறு பாலம் வரும் வரை. பல பாலங்களில் கைப்பிடிச் சுவர் உள்ளே வந்து ஓரத்தை விழுங்கிவிடுகிறது. சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அதுவும் பின்னால் பஸ் வரும்போது. பாலத்துக்கு 30 மீட்டர் முன்னாலேயே திரும்பிப் பார்த்து, வண்டி வந்தால் நின்று விட்டுவிட்டுப் பிறகு பாலத்தைக் கடக்க வேண்டும். இதே அக்டோபர் உத்தரவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 210டி பிரிவின் கீழ் விதி எழுதச் சொல்கிறது. பாலத்தின் மேலும் அந்த 1.5 மீட்டர் தொடர வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.